வாசுதேவநல்லூர்ச் சண்டையை யார் சொன்னால் நம்பலாம்?

போன சாரலில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது, வாசுதேவநல்லூர் நண்பர் கேட்டார்: "அண்ணாச்சி, பூலித்தேவர் சண்டையை ஓர்ம் எழுதினதை வச்சுத்தான் பேசணுமா? அவன் வெள்ளைக்காரன்லா?"

ராபர்ட் ஓர்ம் பிறந்தது நமக்குப் பக்கத்தில், அஞ்சுதெங்கில், 1728-ல். சென்னையில் கம்பெனி கவுன்சிலில் இருந்து, 1758-ல் கப்பலேறிப் போய்விட்டார். அவருடைய சரித்திரத்தின் முதல் பாகம் 1763-லும் அடுத்தது 1778-லும் வெளிவந்தன. நம் கோட்டைகளில் நடந்த சண்டை எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. வாசுதேவநல்லூர் அவர் கையில் 'வாஷினெலூர்' ஆனதிலேயே அது தெரியும்.

பார்த்திருந்தால் மட்டும்? நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில்; சரித்திரம் என்றால் ஐரோப்பாதான். அல்பேனியாவில் ஷ்கோடர் கோட்டையைத் துருக்கியர் 1478-79-ல் முற்றுகையிட்டபோது உள்ளேயே இருந்தவர் மரின் பார்லெட்டி. 1504-ல் வெனிசில் வந்த அவர் நூலில் தலைவர்கள் நீட்டி முழக்கிப் பிரசங்கம் செய்கிறார்கள். குண்டு விழும்போது யார் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள்?

நம் கதைக்கு வருகிறேன். 1755-ல் கர்னல் ஹெரான் நெல்கட்டும்செவலுக்கு வந்து 20,000 ரூபாய் கேட்டார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. படை திரும்பிப் போயிற்று. பீரங்கி சரியில்லை, தானியம் இல்லை என்பது ஓர்ம் சொல்லும் காரணம். ஆயுசெல்லாம் கோப்பு எழுதினவன் நான். வேலை நடக்காவிட்டால் மேலே போகும் அறிக்கையில் 'பொருள் வந்து சேரவில்லை' என்றுதான் எழுதுவோம். ஆகவே காரணத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. பணமும் கிடைக்கவில்லை, கோட்டையும் விழவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அதிலும் ஒரு சிக்கல். அந்தப் படையெடுப்பில் கோவில்குடி விக்கிரகங்களை அள்ளிக்கொண்டு போனதையும், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்ததையும் ஓர்ம் மறைக்கவில்லை. நேர்மை என்று தோன்றும். ஆனால் ஹெரான் ராணுவ விசாரணையில் வேலை இழந்தவர். விழுந்தவன் தலையில் பழி போடுவது சுலபம்.

அதனால் நான் வாசுதேவநல்லூரைத்தான் பெரிதாக எண்ணுகிறேன். அங்கே தோற்றவர் யூசுப்கான். கம்பெனியின் தலைசிறந்த தளபதி, ஓர்ம் மெச்சி எழுதின ஆள். அவர் மண்கோட்டை மேல் ஏறப் பார்த்தும் முடியவில்லை. பூலித்தேவர் ஆட்கள் வெளியிலிருந்து வந்து முகாமைத் தாக்கினார்கள் என்கிறார் ஓர்ம். பிடித்தவனையே தோற்றவனாக எழுத வேண்டி வந்தால் அது நடந்ததாகத்தான் இருக்கும்.

பிறகு 1767-ல் அதே கோட்டையைப் பிடித்த கர்னல் டொனால்டு கேம்பெல், உள்ளே இருந்தவர்களின் உறுதியை வியந்து கடிதம் எழுதினார். அவர் எதிரி, நேரில் நின்றவர், ஓர்முக்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே கோட்டைக்கு இரண்டு தனித்தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டன.

"அப்போ ஹெரான் ஓடினது நெசந்தானே?" என்றார் நண்பர்.

"திரும்பிப் போனது நெசம். ஓடினானா, நடந்தானான்னு ஓர்ம் எழுதலை."

"எங்க தாத்தா ஓடினான்னுதான் சொல்வாரு" என்று சிரித்தபடி பஸ் ஏறினார்.