வேலிக்கால் அகற்றல் (ஊவா தோட்டப் பகுதி)

வேலிக்கால் அகற்றல் என்பது பயன் முடிந்த வேலியின் மர, இரும்பு, கொங்கிறீட் கால்களை அடியோடு மண்ணிலிருந்து எடுக்கும் வேலை. இலங்கையின் ஊவா மாகாணத்தில், குறிப்பாகப் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், இவ்வேலையை இரண்டு காரணங்கள் கடினமாக்குகின்றன. நிலம் செங்குத்தானது, உழவு இயந்திரம் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. மண்ணுக்குள் விடப்படும் அடிக்கட்டை தேயிலைக்கு வேர்நோயைக் கொண்டுவரக்கூடும். ஆகவே மேலே அறுத்துவிட்டுப் போகவும் முடியாது.

வேலிகளின் வகை

பசறை, ஹாலி-எல, தெமோதரை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் உயிர்வேலியே பரவலாகக் காணப்படுகிறது. கிளிசிரிடியா, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை ஊன்றினால் அவை வேர்விட்டுத் தழைத்து, முள்ளுக்கம்பியைத் தாங்கும் காலாகவே வளர்ந்துவிடும். கிளிசிரிடியாவின் தழை உரமாகிறது, மாட்டுக்கும் தீனியாகிறது. தோட்டங்களில் சவுக்கு என்று அழைக்கப்படும் கிரவில்லியா, காற்றுத் தடுப்புக்காக எல்லையோரம் நடப்பட்டு, பின்னர் கம்பி அடிக்கும் காலாகவும் ஆகிவிடுவது உண்டு. வெலிமடை, பண்டாரவளை மரக்கறித் தோட்டங்களில் யூக்கலிப்டஸ் தடிகளும் கொங்கிறீட் கால்களும் நிற்கின்றன. மாவட்டத்தின் தாழ்நிலமான மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கம் யானைக்கான மின்வேலிகள் உள்ளன. உழவு இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க சமதரை அங்கேதான் இருக்கிறது.

அடிக்கட்டையும் வேர்நோயும்

செத்த மரக்கால் தரைமட்டத்தில்தான் முதலில் உக்கும். ஈரமும் காற்றும் அங்கே ஒருசேரக் கிடைப்பதே காரணம். அதனால் பக்கவாட்டில் இழுத்தால் கால் அந்த இடத்தில் முறிந்து, கீழ்ப்பகுதி மண்ணுக்குள் தங்கிவிடும்.

வேர்விட்ட உயிர்க்கால் முறிந்து தங்கினால் ஆபத்து இன்னும் கூடுதல். உஸ்துலினா என்னும் பூஞ்சணம் வெட்டுண்ட கிரவில்லியாக் கட்டையில் குடியேறி, வேர் வழியே இறங்கி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தேயிலை வேருக்குப் பரவும். இதுவே கரிக்கட்டை வேரழுகல் நோய். 1923இல் வெளிவந்த தேயிலைச் செடி நோய்கள் பற்றிய நூலின் ஆசிரியரும், 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதல் பணிப்பாளருமான டொம் பெட்ச், இலங்கையில் இத்தகைய நோய்களை விரிவாக ஆராய்ந்தவர். பெரிய மரங்களைச் சாய்ப்பதற்கு வெகு முன்னரே பட்டையை வளையமாக உரித்துவிடும் வழக்கமும் இந்நோய்களைத் தடுப்பதற்கே: வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்து தீர்ந்துபோனால் பூஞ்சணத்துக்குத் தீனி குறையும். தேயிலை மலைக்குள் நின்ற உயிர்க்காலை எடுக்கும்போது பென்சில் கனமுள்ள வேர்களையும் தேடிப் பொறுக்க வேண்டும்.

கையால் எடுத்தல்

சரிவில் கைமுறையே முதன்மையானது. அலவாங்கால் காலைச் சுற்றி மண்ணை இளக்கி, மண்வெட்டியால் ஒரு பக்கம் குழி திறந்து, காலை முன்னும் பின்னும் அசைத்து, பின் நெம்புவார்கள். 2 மீற்றர் நீளத் தடி ஒன்றைக் கல்லின்மேல் வைத்து, கல்லிலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் காலுடன் சங்கிலியால் பிணைத்தால், மறுமுனையில் கொடுக்கும் அழுத்தம் 9 மடங்காகும். ஒருவர் 40 கிலோ பாரம் கொடுத்தால் காலை 360 கிலோ அளவு விசை மேலே தூக்கும். சாதாரண மரக்கால் பெரும்பாலும் இதற்கே இளகிவிடும்.

கொங்கிறீட் கால் வேறு கணக்கு. 10 சென்ரிமீற்றர் சதுரமும் 2 மீற்றர் நீளமும் உள்ள கால் ஏறத்தாழ 48 கிலோ இருக்கும். அடியில் 30 சென்ரிமீற்றர் விட்டமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட கொங்கிறீட் கட்டி இருந்தால் மேலும் ஏறத்தாழ 90 கிலோ சேரும். இரண்டு பேர் முதுகை ஒடித்துத் தூக்கும் வேலையன்று இது. நெம்புகோலோ கை வின்ச்சோ தேவை.

உழவு இயந்திரத்தால் எடுத்தல்

மேல்நோக்கி இழுப்பதே இதன் அடிப்படை. கிடையாக இழுக்கும்போது ஒரு பக்க மண் முழுவதையும் தள்ள வேண்டியிருக்கிறது. நேர் மேலே தூக்கும்போது காலின் எடையையும் மண்ணின் பிடியையும் வென்றால் போதும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் பின்புற நீரழுத்தத் தூக்கியைப் பயன்படுத்துவது. மும்முனை இணைப்பு எனப்படும் இவ்வமைப்பை 1920களில் உருவாக்கியவர் ஹரி பெர்குசன். இலங்கையில் நன்கு அறிமுகமான மசி பெர்குசன் இயந்திரங்களின் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. இவ்விணைப்பின் கீழ்க்கைகளுக்கு இடையிலுள்ள குறுக்குச் சட்டத்தில் சங்கிலியை மாட்டி, காலின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியிட்டு, வண்டியை அசையாமல் நிறுத்தித் தூக்கியை மட்டும் உயர்த்த வேண்டும். ஒரு சாண் எழும்பியதும் தூக்கியை இறக்கி, சங்கிலியை மறுபடி கீழே தாழ்த்திப் பிடித்துத் தூக்குவார்கள்.

இரண்டாவது, காலுக்குப் பக்கத்தில் பழைய சக்கர றிம் ஒன்றை நிறுத்தி, அதன்மேல் சங்கிலியை ஏற்றி இழுப்பது. வண்டி கிடையாக நகர, சங்கிலி காலை மேலே இழுக்கும். றிம் சறுக்கித் தெறிக்கக்கூடும் என்பதால் அருகில் எவரும் நிற்கலாகாது. லேண்ட்மாஸ்டர் எனப்படும் இரண்டு சக்கர இயந்திரம் கம்பியும் கால்களும் ஏற்றிச் செல்ல உதவும். இழுத்துப் பிடுங்க அதன் எடை போதாது.

கவிழும் ஆபத்து

சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, ஆசனத்திலோ மேல் இணைப்பிலோ ஒருபோதும் கட்டக்கூடாது. கால் அசையாமல் நிற்க, சக்கரம் பிடித்துக்கொண்டால், முன்பகுதி எழும்பி வண்டி சாரதிமேல் மல்லாந்துவிடும். தப்ப முடியாத கட்டத்தை அது ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். கிளச்சை மிதிக்கலாம் என்று நினைக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். இழுவை எப்போதும் தாழ்வான இழுவைச் சட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். சாரதியைக் காக்கும் கவிழ்வுத் தடுப்புச் சட்டகத்தைப் புதிய வண்டிகளுக்குச் சுவீடன் 1959இலேயே கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்வு மரணங்கள் பெரிதும் குறைந்தன. அச்சட்டகம் இல்லாத பழைய வண்டியை இவ்வேலைக்கு எடுக்காதிருப்பதே முறை.

நைலோன் கயிறும் பயன்படுத்தக்கூடாது. நீண்டு விறைத்த கயிறு அறுந்தால் சவுக்கடியாகத் திரும்பிவரும். சரிவுக்குக் குறுக்கே நின்று இழுக்கக்கூடாது. தேயிலை மலையில் வண்டி பாதையை விட்டு இறங்கவே கூடாது. பாதைக்கு எட்டாத கால்களைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஆயத்தம்

முள்ளுக்கம்பியை முதலில் தளர்த்தி, ஆணிகளைக் கழற்றி, சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும். விறைப்பாக இருக்கும் கம்பியை அப்படியே வெட்டினால் அது முகத்தில் பாயும். மின்வேலியானால் மின்னைத் துண்டித்த பிறகே தொட வேண்டும். வேலியோரப் புதர்களில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளவிக்கொட்டு தோட்டத் தொழிலாளரின் உயிரைப் பறித்த சம்பவங்கள் பல. இயந்திரத்தின் அதிர்வு கூட்டைக் கலைக்கும்.

காலமும் குழியும்

ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஊவாவின் மண் இறுகிவிடும். ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் பெருமழையில் மண் இளகும், ஆனால் சக்கரம் வழுக்கும், சரிவும் நம்பகமற்றதாகும். இத்தகைய மழைக்காலத்தில்தான், 2014 ஒக்டோபர் 29 அன்று, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களை மண்சரிவு மூடியது. ஆகவே மழை முடிந்து, ஈரம் காயாமலும் தரை உறுதியாகவும் இருக்கும் நாட்களே தக்கவை.

கால் எடுத்த குழியை அன்றே மூட வேண்டும். மண்ணைச் சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கி, மேற்பரப்பைச் சற்று உயர்த்திவிட்டால் தண்ணீர் தேங்காது. திறந்து கிடக்கும் குழிவரிசை மழைநீரைச் சரிவுக்குள் இறக்கும். லயனுக்கு மேலுள்ள மண்மேட்டிலும் பாதையோர வெட்டிலும் உயிர்வேலியின் வேர் மண்ணைப் பிடித்து நிற்கும் இடங்களில், அருகே தேயிலை இல்லையானால், காலைப் பிடுங்காமல் விடுவதே நல்லது.

எடுத்த மரங்கள்

நோய்பட்ட கட்டையையும் வேரையும் மலையிலேயே குவித்துவிடாமல் எரித்துவிட வேண்டும். மருந்தேற்றிய தடிகளுக்கு இது பொருந்தாது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஊட்டிய மரத்தின் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும். விறகடுப்பையே நம்பியிருக்கும் லயன் வீடுகளில் கிடைத்த தடியெல்லாம் அடுப்புக்குப் போவது இயல்பு. எது மருந்தேற்றியது, எது சும்மா மரம் என்று பிரித்து, முன்னதை எவரும் எடுத்துச் செல்லாதபடி ஒதுக்கி வைப்பது வேலையை நடத்தும் நிர்வாகத்தின் கடமை.