மதச் சடங்கும் அரசின் ஏற்பும்: கொச்சித் திருமணச் சட்ட வரலாற்றின் நோக்கில் தன்பாலினத்தார் திருமணம்

முன்னுரை

மட்டாஞ்சேரியில் 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடமும், 1653-இல் கூனன்குரிசு உறுதிமொழி நிகழ்ந்த இடமும் ஒன்றற்கொன்று அணிமையில் உள்ளன. திருமணம் எது என்பதற்கு இங்குள்ள ஒவ்வொரு சமயத்தாரும் தமக்கென ஒரு வரையறை கொண்டிருந்தனர். அவ்வரையறைக்குள் அடங்காத உறவுகளை அரசு எவ்வாறு ஏற்றது என்பதைக் கொண்டு, தன்பாலினத்தார் திருமணம் பற்றிய வழக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

சம்பந்தம்

கொச்சி அரச மரபு மருமக்கத்தாயத்தைப் பின்பற்றியது. அரசர்கள் நாயர் குலப் பெண்களோடு கொண்டது சம்பந்த உறவே. நம்பூதிரி மரபில் அது விவாகம் அன்று. ஆங்கிலேயர் நீதிமன்றங்களும், விரும்பியவாறு பிரியத்தக்கது எனக் கூறி அதனைச் சட்டமுறைத் திருமணமாக ஏற்கவில்லை. தி. முத்துசாமி ஐயர் தலைமையில் 1891-இல் அமைந்த மலபார்த் திருமண ஆணையத்தைத் தொடர்ந்து 1896-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது. பதிந்தோர் மிகச் சிலரே. கொச்சி அரசு 1920-இல் இயற்றிய நாயர் சட்டமே சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்றது. நம்பூதிரியின் சடங்கு மாறவில்லை. சட்டத்தின் நோக்கு மாறியது.

சுயமரியாதைத் திருமணம்

தமிழகத்தில் புரோகிதரின்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் கூறியது. அண்ணா முதல்வராயிருந்த 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று போதும் என்றாயிற்று. முன்னர் நிகழ்ந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின. பெண்ணைக் கொடுப்போர் இல்லாதவிடத்தும் கரணம் நிகழ்தலைத் தொல்காப்பியக் கற்பியல் உடன்படுவது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

கொச்சி வழக்கு

இரு ஆடவர் 2018 ஜூலையில் குருவாயூரில் மறைவாக மோதிரமும் துளசி மாலையும் மாற்றிக்கொண்டனர். 377-ஆம் பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தமக்கு இடமில்லாமையை எதிர்த்து, 2020 ஜனவரியில் அவர்கள் எறணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர். இவ்வகை மனுக்களை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அவ்வாண்டிலேயே சமய அமைப்புகளின் மறுப்பும் எழுந்தது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் நீதிமன்றத்தில் எதிர்வாதம் வைத்தது. காக்கநாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலபார் திருச்சபையும் எதிர்ப்புத் தெரிவித்தது. திருமணம் ஆண் பெண் இருவருக்குரிய புனிதப் பிணைப்பு என்பது இவர்கள் கொள்கை. 2023 அக்டோபர் 17-இல் திருமணம் அடிப்படை உரிமையன்று என ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். குடிமுறை இணைவுக்கான உரிமையை மூவர் மறுத்தனர், இருவர் ஏற்றனர். சட்டமியற்றுதல் நாடாளுமன்றத்தின் பணி எனப்பட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

மறுப்பும் விடையும்

சம்பந்தமும் சுயமரியாதைத் திருமணமும் ஆண் பெண் உறவுகள். ஆதலின் அவை தன்பாலினத்தார் திருமணத்துக்கு நேர் முன்மாதிரி ஆகா எனலாம். இது தகுந்த மறுப்பே. எனினும் அவை நிறுவுவது வேறொன்று: சமயம் நடத்திவைப்பதும் அரசு ஏற்பதும் இருவேறு செயல்கள். 7-ஏ எந்தப் புரோகிதரையும் எதனையும் செய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் குருக்களுக்கு வேலையே இல்லை. ஆகவே திருச்சபையும் பள்ளிவாசலும் தம் சடங்கைத் தம் கொள்கைப்படி காத்துக்கொள்ள, பதிவகம் வேறு வழியில் செல்லலாம்.

இவ்வேற்பு இல்லாததன் விளைவைக் கொச்சியே கண்டது. 2024 பிப்ரவரியில், இறந்த தம் இணையரின் உடலைக் கோரி ஒருவர் உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. உடல் குடும்பத்தாருக்கே சென்றது. இணையருக்குக் கிடைத்தது இறுதி மரியாதை செலுத்தும் வாய்ப்பு மட்டுமே. அதே ஆண்டில் நடுவண் அரசு குடும்ப அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவை குறித்து விளக்கங்கள் அளித்தது. வாரிசுரிமை அவற்றுள் இல்லை.

முடிவுரை

1920-இலும் 1967-இலும் நீதிமன்றம் ஏற்காததைச் சட்டமன்றமும் அரசும் ஏற்றன. அதனால் எச்சமயத்தின் சடங்கும் அழிந்துவிடவில்லை. தன்பாலினத்தாருக்கும் அத்தகைய சட்டம் இயற்றுதலே இவ்வரலாற்றோடு பொருந்துவதாகும் என்பது இவ்வாய்வின் முடிபு.