பழைய டர்போவும் ஜெட்ஃபயர் சொல்லும் பாடமும்

டர்போ இல்லாத காரில் பழைய டர்போ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் கார் பறக்கும் என்ற ஆசை கார் பிரியர்கள் பலருக்கும் உண்டு. பழைய சாமான் கடையில் நின்றதும் வரும் முதல் கேள்வி "என்ன விலை?". அடுத்த கேள்வி "எவ்வளவு பவர் கூடும்?". ஆனால் முதலில் கேட்க வேண்டியது இது இரண்டும் அல்ல. "இந்த டர்போ இந்த எஞ்சினுக்குப் பொருந்துமா?" என்பதுதான். இந்தக் கேள்வியில் பெரிய கார் கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்ட வரலாறு உண்டு.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று தானாக உள்ளே வருகிறது. அதிகக் காற்று வந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். டர்போ செய்யும் வேலை இதுதான். வீணாக வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோனார். காற்று மெலிந்த அந்த உயரத்தில் எஞ்சின் இழந்த சக்தியை டர்போ மீட்டுத் தரும் என்று அங்கே நிரூபித்தார். அதன் பிறகு விமானம், கப்பல், லாரி என்று டர்போ பரவியது. விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பிடித்தது 1962-ல்தான்.

அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு பிரிவுகள் தனித்தனியே டர்போ கார்களை இறக்கின. ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். மற்றது செவ்ரோலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர். இரண்டிலுமே டர்போ இல்லாமல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களில்தான் டர்போ பூட்டப்பட்டது.

ஜெட்ஃபயரின் 3.5 லிட்டர் எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் அமுக்க விகிதம் 10.25:1. உள்ளே வரும் கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே இந்தக் கணக்கு. ஏற்கனவே இவ்வளவு நெருக்கும் எஞ்சினில் டர்போவும் காற்றைத் திணித்தால் கலவை அளவு மீறிச் சூடாகி, நேரம் தவறி வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் ஓல்ட்ஸ்மொபைல் வேறு வழி பிடித்தது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்துக் குளிர்வித்தது. இதற்குத் தனி டேங்க். அதை நிரப்புவது கார் வாங்கியவரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. திரவம் தீர்ந்தால் எஞ்சினைக் காப்பாற்ற டர்போவின் அழுத்தம் கட்டுப்படுத்தப்படும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய பவர் காணாமல் போகும்! இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களே தயாராயின. 1965-ல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை இலவசமாக மாட்டித் தரவும் கம்பெனி முன்வந்தது.

செவ்ரோலே மட்டும் அமுக்க விகிதத்தை 8:1 ஆகக் குறைத்துவிட்டு டர்போவைப் பொருத்தியது. திரவமும் இல்லை, தொல்லையும் இல்லை. டர்போ கோர்வேர் 1966 வரை விற்பனையில் இருந்தது.

ஆனால் குறைத்தால் மட்டும் போதுமா? 1973-ல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் அமுக்க விகிதம் 6.9:1, சக்தி 170 குதிரைத்திறன். மெதுவாகப் போகும்போது சோம்பலாக இருக்கும். வேகம் கூடியதும் திடீரெனப் பாயும். பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் இந்த இடைவெளிதான் 'டர்போ லேக்'. பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1,672 கார்களோடு கதை முடிந்தது.

சரியான விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. ஸ்கேனியா லாரிகளோடு ஒரே நிறுவனமாக இருந்த சாப், 1977-ல் 99 டர்போவை அறிமுகப்படுத்தியது. தினசரி ஓட்டும் வேகத்திலேயே இழுவை வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால் சீக்கிரம் சுழலத் தொடங்கும் சின்ன டர்போவைத் தேர்ந்தெடுத்தார்கள். அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க, மிஞ்சிய புகையை வேறு வழியில் வெளியேற்றும் வால்வு வைத்தார்கள். 118 ஆக இருந்த சக்தி 145 ஆனது. கூடியது 27 குதிரைத்திறன்தான், ஆனால் டர்போ என்றாலே சாப் என்று பேசும் நிலை வந்தது.

பழைய டர்போ வாங்குபவருக்கு இந்த வரலாறே வழிகாட்டி. முதலில் தன் எஞ்சினின் அமுக்க விகிதம் தெரிய வேண்டும். பிறகு அந்த டர்போ எந்த எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். பெரிய எஞ்சினின் டர்போ சின்ன எஞ்சினில் தாமதமாகத்தான் விழிக்கும். டீசல் டர்போ என்றால் இன்னும் கவனம், பெட்ரோல் எஞ்சினின் புகை அதிகச் சூடானது. கடைசியாகத் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. இறக்கைகள் கூட்டில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு லட்சம் முறைக்கு மேல் சுழலும் பொருள் அது.

ஜெட்ஃபயர் வாங்கியவர்களுக்கு டர்போவை இலவசமாகக் கழற்றித் தர ஒரு கம்பெனி இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியவருக்கு அப்படி யாரும் இல்லை.