பல்புல வினவல்

தரவுத்தளத்தில் அடங்கிய பதிவுகளுள் வேண்டியதை, ஒரே புலத்தை நம்பியிராமல், தேடுவோர் அறிந்த விவரங்கள் எவையோ அவற்றையெல்லாம் நிபந்தனையாக்கியும் அறியாதவற்றை விட்டுவிட்டும் தெரிந்தெடுக்கும் முறை பல்புல வினவல் எனப்படும்.

இதன் அவசியத்தை விளக்கத் தேனி மாவட்டத்து வீரபாண்டி ஒன்றே போதும். முல்லையாற்றங்கரையில், கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவால் பிரசித்தி பெற்ற இப்பேரூரின் பெயரையே தாங்கிய ஊர்கள் சேலம், திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களிலும் உள்ளன. போதாக்குறைக்கு அது ஆண்மக்களுக்கு இடும் பெயருமாகும். ஆகவே, தமிழ்நாட்டின் இணையவழி நில ஆவணச் சேவை, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகிய மூன்றையும் முன்னதாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே, பட்டா எண்ணாலோ, உட்பிரிவோடு கூடிய சர்வே எண்ணாலோ தேட இடங்கொடுக்கிறது.

இம்முறைக்கு அடிப்படையான தொடர்புசார் தரவு மாதிரியை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார்; 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லினும் பாய்சும் பின்னர் எஸ்.க்யூ.எல். என்று வழங்கலான மொழியை அறிமுகப்படுத்தினர்.

வினவலை அமைப்போர் பெரும்பாலும் இடறுவது வெற்றுப் புலத்தில்தான். படிவத்தில் நிரப்பாமல் விட்ட இடம் ‘இதைப்பற்றி நிபந்தனை இல்லை’ என்று பொருள்பட வேண்டுமேயன்றி, ‘இதன் மதிப்பு வெறுமையாயிருக்க வேண்டும்’ என்று பொருள்படலாகாது. நிரப்பிய புலங்களுக்கு மட்டும் நிபந்தனைகளைக் கோத்து வினவல் வாக்கியத்தை அவ்வப்போது உருவாக்குவது உத்தமம். ‘உள்ளீடு வெறுமை, அல்லது புலம் அதற்குச் சமம்’ என்று எல்லாப் புலங்களையும் ஒரே வாக்கியத்தில் நிரந்தரமாக எழுதி வைப்பது சுலபமெனினும், பெரிய அட்டவணைகளில், தேடலை விரைவாக்கும் சுட்டெண்ணின் பயனைக் கெடுத்துவிடக்கூடும். எவ்வழியாயினும், தேடுவோர் தட்டச்சு செய்ததை வினவல் வாக்கியத்தோடு ஒட்டிவிடாமல் அளவுருவாகத் தனியே அனுப்புவதே விதி. இதை அலட்சியம் செய்தால், விஷமி ஒருவன் தன் கட்டளையையே அதனுள் புகுத்திவிடுவான்.

அடைப்புக்குறியும் அற்ப விஷயமன்று. ‘மாவட்டம் தேனி மற்றும் ஊர் வீரபாண்டி அல்லது ஊர் கோட்டூர்’ என்று குறியின்றி எழுதினால், ‘மற்றும்’ முந்திப் பிணைவதால், தேனி மாவட்டத்து வீரபாண்டியுடன் திருவாரூர்ப் பக்கத்துக் கோட்டூரும் சேர்ந்து வந்து நிற்கும். ஊர்கள் இரண்டையும் ஒரே அடைப்புக்குள் வைத்தல் வேண்டும்.

மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வரிசையில் அமைந்த கூட்டுச் சுட்டெண், முதற்புலமாகிய மாவட்டம் தெரியாத தேடலுக்கு அநேகமாக உதவாது. ஆட்பெயர்த் தேடலோ எல்லாவற்றிலும் துர்ப்பலமானது: தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் வருவதும், ‘ராமசாமி’, ‘இராமசாமி’ என ஒரே பெயர் இருவகையாக எழுதப்படுவதும் இங்கே சகஜம். ஆதலால் பெயர் ஒன்றையே கட்டாயமாக்கி மற்றவற்றை விருப்பத்துக்கு விடும் படிவம் நம் நாட்டு ஆவணங்களுக்குப் பொருந்தாது.