ஏ1 பிறந்த கதை

சாலமாண்டரின் காலை வெட்டினால் மறுபடி முளைக்கும். எலும்பு, தசை, நரம்பு, விரல் என்று எதுவும் குறையாது. இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானி 1768-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். பல்லி வாலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய சங்கதியாகத் தோன்றாது. ஆனால் பல்லிக்குப் புதிதாக வரும் வாலில் முதுகெலும்பு இருக்காது. குருத்தெலும்புக் குழாய் ஒன்றுதான் இருக்கும். சாலமாண்டர் அப்படி ஒப்பேற்றுவதில்லை.

வெட்டுவாயைத் தோல் மூடியதும் அதனடியில் செல்கள் மொட்டுப்போலத் திரளும். பிளாஸ்டிமா என்பார்கள். புதுக் கால் அதிலிருந்துதான் வருகிறது. அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் நெடுநாள் தீராத வழக்கு. முற்றிப்போன தசைச் செல்லே தன் தொழிலை விட்டுவிட்டு மறுபடி இளசாகிறதா? இல்லை, தசைக்குள் சும்மா கிடந்த இருப்புச் செல்கள் எழுந்து வருகின்றனவா? பிராணியின் உடம்புக்குள் ஒற்றைச் செல்லைக் கண்ணால் பின்தொடர்வது அன்றைக்கு நடக்கிற காரியமில்லை. வெளியே எடுத்து வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வித்தை தவளையிடம் தொடங்கியது. 1907-இல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவில் துணுக்கு ஒன்றை வெட்டி, கண்ணாடிச் சில்லில் வைத்த தவளை நிணநீர்ச் சொட்டுக்குள் இட்டார். சொட்டு உறைந்ததும் சில்லைத் தலைகீழாகத் திருப்பி, நடுவே குழிந்த கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து, விளிம்பைப் பாரஃபின் மெழுகால் அடைத்தார். துணுக்கு தொங்கியபடியே உயிரோடிருந்தது. நுண்ணோக்கியில் பார்க்கப் பார்க்க நரம்பிழை அதிலிருந்து நீண்டுகொண்டே போனது. நரம்பிழை எப்படி உருவாகிறது என்று அறிஞர்கள் போட்டுக்கொண்டிருந்த சண்டையைத் தீர்க்க அவர் செய்த ஏற்பாடு இது. திசு வளர்ப்பு என்ற துறையே அந்தச் சொட்டிலிருந்துதான் கிளம்பியது. வேடிக்கை என்னவென்றால், இதே ஹாரிசன் பின்னாளில் சாலமாண்டர் கருவின் கால் மொட்டுகளைப் பெயர்த்து நட்டுப் பெயர் வாங்கியவர்.

சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்த நியூட்டின் கால் செல்கள் வளர்ப்புத் தட்டில் நிலைகொண்டது வெகுகாலம் கழித்து. லண்டனில் பத்ரிசியா ஃபெரெட்டியும் ஜெரமி பிராக்ஸும் 1988-இல் அதை வெளியிட்டார்கள். எலி செல்லுக்கு எழுதிய செய்முறை இதற்கு ஒத்துவராது. நியூட்டின் உடம்பில் உப்பு குறைவு. அதனால் வளர்ப்புத் திரவத்தை நீர்க்க வைக்க வேண்டும். சூடும் 37 டிகிரி கூடாது, 25 போதும். ஜெலட்டின் பூசிய தட்டில் ஒட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் பெருகும். அப்படி வந்த செல் வரிசைகளில் ஒன்றின் பெயர்தான் ஏ1.

வளர்ப்புத் திரவத்திலுள்ள சீரத்தை, அதாவது இரத்தநீரை, குறைத்தால் ஏ1 செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட தசைக்குழல்களாகின்றன. 1993-இல் பிராக்ஸ் குழுவினர் அந்தக் குழல்களுக்குள் சாயம் ஏற்றி, முளைக்கும் காலின் பிளாஸ்டிமாவில் வைத்தார்கள். பிறகு பார்த்தால், ஒற்றை உட்கரு கொண்ட சின்னச் செல்களிலும் சாயம் இருந்தது. குழல் உடைந்து மறுபடி செல்லாகியிருக்கிறது! 1997-இல் இன்னொன்றும் தெரிந்தது: சீரத்தைக் கூட்டினால் நியூட் தசைக்குழல் மறுபடி டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குகிறது. எலியின் தசைக்குழல் அசைந்து கொடுப்பதில்லை.

வழக்கு முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் 2014-இல், விலங்கின் உடம்புக்குள்ளேயே செல்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தபோது, நியூட்டில் தசை இளசாவது உறுதியாயிற்று. அதன் உறவான ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டரிலோ அது நடக்கவில்லை, அங்கே இருப்புச் செல்கள்தான் வேலை செய்தன. உறவுக்காரர்கள்தான், ஒரே வித்தைதான், வழி மட்டும் இரண்டு. ஆகவே ஏ1 சொன்னது நியூட்டின் சாட்சி மட்டும். அதை எல்லாச் சாலமாண்டருக்கும் பொதுவாக்கியது அவசரம். தட்டில் செல் வளர்ந்தாலும், முழுக் கால் ஒன்றைத் தட்டிலேயே வளர்த்தெடுத்தவர் இதுவரை யாருமில்லை.