கியூபாவின் அயலுறவு

கியூபாவின் அயலுறவுக் கதையைச் சர்க்கரையிலிருந்து தொடங்குவதே முறை. கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரே பயிரையும் ஒரே வாங்குபவரையும் நம்பியிருப்பதன் சங்கடம் தெரியும். கியூபாவில் நாடே அந்த நிலையில் இருந்தது. வாங்கியது அமெரிக்கா.

1959 ஜனவரி 1இல் சர்வாதிகாரி பத்திஸ்தா நாட்டைவிட்டு ஓட, பிடல் காஸ்ட்ரோவின் இயக்கம் ஆட்சிக்கு வந்தது. 1960 பிப்ரவரியில் சோவியத் தலைவர்களில் ஒருவரான மிக்கோயான் ஹவானாவுக்கு வந்து, ஐந்து ஆண்டுகளில் 50 லட்சம் டன் சர்க்கரை வாங்க ஒப்பந்தம் செய்தார். ஜூலையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கியூபச் சர்க்கரைக்கான ஒதுக்கீட்டை வெட்டினார். 1961 ஜனவரியில் தூதரக உறவு முறிந்தது. 1962 பிப்ரவரியில் முழு வணிகத் தடை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் ஏவுகணை நெருக்கடியில், காஸ்ட்ரோவை ஒரு வார்த்தை கேட்காமலே சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவில் வைத்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காவலுக்கு வந்தவரின் இந்தப் போக்கு ஹவானாவைக் கடுமையாகப் புண்படுத்தியது. மாஸ்கோவைச் சார்ந்திருந்தும் தனக்கென ஒரு வட்டத்தை அது தேடிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வட்டத்தில் இந்தியா முன்வரிசையில் இருந்தது. புரட்சி நடந்து ஆறே மாதத்தில் சே குவேரா டெல்லி வந்து நேருவைச் சந்தித்தார். 1960 செப்டம்பரில் நியூயார்க் வந்த காஸ்ட்ரோ, கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் தெரசா விடுதியில் தங்கினார். நேரு அங்கேயே போய் அவரைப் பார்த்தார். 1983இல் டெல்லியில் கூடிய அணிசேரா மாநாட்டில் தலைமைப் பொறுப்பை ஒப்படைக்கும்போது, கைநீட்டிய இந்திரா காந்தியைக் காஸ்ட்ரோ மேடையிலேயே ஆரத் தழுவிக்கொண்டார். ஒப்பந்தங்கள் மறந்துபோனாலும் அந்தப் படம் மறக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் கியூபா காட்டிய துணிச்சல் அதன் அளவுக்கு மீறியது. 1963இல் அல்ஜீரியாவுக்கு மருத்துவர்களை அனுப்பியது. 1975இல் அங்கோலாவுக்குப் படையை அனுப்பியது. 1991இல் கடைசி வீரர் திரும்பும்வரை, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபர்கள் அங்கே பணியாற்றியிருந்தனர். நமீபியாவின் விடுதலைக்கு வழிவிட்ட 1988 ஒப்பந்தத்தில் கியூபாவும் கையெழுத்திட்டது. மருத்துவர்களை அனுப்பும் வழக்கம் பிற்காலத்தில் அந்நியச் செலாவணி ஈட்டும் வழியாகவும் ஆனது. வெனிசுவேலாவிலிருந்து எண்ணெய் வந்தது அப்படித்தான். மருத்துவர்களின் ஊதியத்தில் பெரும்பங்கை அரசே எடுத்துக்கொள்கிறது என்ற குறை இன்றும் உண்டு.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் எண்ணெயும் தானியமும் வறண்டன. அந்தப் பஞ்சகாலத்தில் இந்தியாவின் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, அதன் தலைவர்களில் ஒருவரான ஹர்கிஷன் சிங் சுர்ஜித்தின் முயற்சியில், ஊர் ஊராகத் திரட்டி 10,000 டன் கோதுமையைக் கியூபாவுக்குக் கப்பலேற்றியது. இரு நாடுகளின் நட்பு என்னவோ பெரிது. வணிகம் மட்டும் இன்றுவரை சிறியதே.

அமெரிக்க வணிகத் தடையை எதிர்க்கும் தீர்மானம் 1992 முதல் ஐ.நா. பொதுச்சபையில் தொடர்ந்து நிறைவேறிவருகிறது. ஒபாமா காலத்தில், 2015இல், தூதரகங்கள் திறந்தன. 2016 ஐ.நா. வாக்கெடுப்பில் அமெரிக்கா முதன்முறையாக ஒதுங்கி நின்றது. பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் 2021இல் கியூபா மீண்டும் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 14இல் அதை நீக்குவதாக பைடன் அறிவித்தார். 20ஆம் தேதி பதவியேற்ற ட்ரம்ப் அன்றைக்கே அந்த அறிவிப்பை ரத்து செய்தார்.