படகில் பெரிய ஸ்பீக்கர்: எஞ்சின் பேட்டரியில் கை வைக்காதீர்கள்

மெர்சிங், எண்டாவ், செடிலி பக்கம் சொந்தப் படகில் தூண்டில் போடப் போகிறவர்கள் பாட்டையும் கூடவே கொண்டுபோவது வழக்கம். சிறிய ரேடியோவாக இருக்கும்வரை தொல்லையில்லை. காரில் மாட்டுவது போன்ற ஆம்ப்ளிஃபையரையும் பெரிய ஸ்பீக்கரையும் படகில் இருக்கும் ஒரே பேட்டரியில் இணைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, நாலைந்து மணி நேரம் பாட்டுக் கேட்டாயிற்று. மாலையில் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற ஓசையோடு சரி. 15 குதிரைத்திறன் எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பிவிடலாம். 90 குதிரைத்திறன் எஞ்சினிடம் அது நடக்காது. உள்ளே சேரும் நீரை இறைக்கும் பம்பும் இரவு விளக்கும் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அப்புறம் 999-ஐ அழைத்து உதவிக்குக் காத்திருக்க வேண்டியதுதான், அதுவும் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்தால்.

எஞ்சின் பேட்டரி சில விநாடிகளுக்குப் பெரும் மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. அடிக்கடி வற்றவிட்டால் சீக்கிரம் கெடும். பாட்டுக்குத் தனியாக 'டீப் சைக்கிள்' பேட்டரி வேண்டும். இதன் தகடுகள் தடிமனானவை. மெதுவாக, நெடுநேரம் மின்சாரம் தரும்.

எவ்வளவு பெரியது? பெட்டியில் '1,000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள், அது விற்பனைக்கான எண். ஆர்.எம்.எஸ். அளவைப் பாருங்கள். அது 400 வாட் என்றால், முழுச் சத்தத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 42 ஆம்பியர் இழுக்கும். பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 14 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். 50-ஐ 14-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். நாள் முழுவதும் பாட்டு வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி தேவை.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 'எஞ்சின் ஓடும்போது தானாகச் சார்ஜ் ஏறிவிடும்' என்பார்கள். சிறிய அவுட்போர்டு எஞ்சின்கள் பலவும் சுமார் 10 ஆம்பியர்தான் தரும். மெர்சிங்கிலிருந்து ராவா தீவு சுமார் 16 கிலோமீட்டர். வேகப் படகில் அரை மணி நேர ஓட்டம். அதில் ஏறுவது 5 ஆம்பியர்-மணி. செலவழித்ததோ 50! எனவே வீட்டுக்கு வந்ததும் மின்சாரச் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டாக வேண்டும்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் வி.எஸ்.ஆர். எனப்படும் ரிலே மாட்டுவார்கள். எஞ்சின் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் இது இரண்டையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடினாலும் எஞ்சின் பேட்டரி தப்பிக்கும்.

வயரில் சிக்கனம் பார்த்தால் வயர் சூடாகும். பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் 5 மீட்டர் தூரம் என்றால் 25 சதுர மில்லிமீட்டர் வயர் தேவை; உப்புக்காற்றைத் தாங்க வெள்ளீயம் பூசிய செம்பு நல்லது. 60 ஆம்பியர் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அல்ல, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றுப் புகாத பெட்டியிலோ பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்திலோ வைக்காமல், அசையாதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள்.

லித்தியம் பேட்டரி எடையில் பாதிகூட இராது, 100-இல் 80 வரை பயன்படுத்தலாம். ஆனால், அதற்கெனத் தனி டி.சி. சார்ஜர் இல்லாமல் எஞ்சினோடு நேரடியாக இணைத்தால் எஞ்சினின் சார்ஜிங் பாகம் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரைப் படகுகள் மாதக்கணக்கில் ஓய்ந்துகிடக்கும். அப்போது பேட்டரிகளைக் கழற்றி வீட்டில் வைத்து, மாதம் ஒருமுறை வோல்ட் மீட்டரில் பாருங்கள். ஈய அமில பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் உடனே சார்ஜ் போடுங்கள்.